மேலூர் பக்கம் ஒரு மாதிரி வீடு: குறைந்த மின்சாரத்தில் குளுமையாக இருக்க எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மேலூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புக்கு மேலூருக்கும் அழகர்கோவிலுக்கும் இடையில் எட்டு சென்ட் மனை இருக்கிறது. அதில் 900 சதுர அடியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட மாதிரி வீடு ஒன்றைக் கட்டத் தீர்மானித்திருக்கிறோம். கடன் வாங்கியோ அரசின் வீட்டுத் திட்டத்தில் பணம் பெற்றோ வீடு கட்டப்போகும் எங்கள் உறுப்பினர்கள் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பார்த்து, இதில் எதை எதைத் தங்கள் வீட்டிலும் செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். வீட்டைக் கட்டுவதன் நோக்கமே அதுதான்.

ஆலோசகர் ஒருவரிடம் கேட்டபோது 5 கிலோவாட் சூரிய மின்தகடுகள், இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள், பூமிக்கடியில் குழாய் புதைத்துக் காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு, ஆள் வந்தால் தானே எரியும் விளக்குகள் என்று ஒரு பட்டியல் தந்தார். அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எதையும் எங்கள் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக்கு வாங்கிப் பொருத்துவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனை கிழக்குப் பார்த்தது. சாலை கிழக்கில், மேற்கே வெட்டவெளி வயல். மண் செம்மண். கன்னிமூலையில்தான் பெரிய படுக்கையறை வர வேண்டும் என்று கூட்டமைப்பின் மூத்தவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். பணத்தை முதலில் எதில் போட வேண்டும், எங்கள் மண்ணிலேயே அழுத்திய மண்கல் செய்து கட்டலாமா, கட்டி முடித்தபின் இந்த வீடு மற்ற வீடுகளைவிடக் குளுமையானது என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் எப்படிக் காட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கட்டடப் பொறியாளர், திருநகர்

வணக்கம் அம்மா. உங்கள் தயக்கம் முற்றிலும் சரியானது. மதுரை வட்டாரத்தில் வீட்டைச் சூடாக்குவது முதலில் கூரை, அடுத்து மேற்குச் சுவர். இவ்விரண்டையும் சரிசெய்யாமல் வேறெதற்குச் செலவழித்தாலும் அந்தச் சூட்டை விரட்டவே அந்தச் செலவு போகும்.

காரணம் நாம் இருக்கும் இடம். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாள்களிலும் மறுபடி ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே போய்விடுகிறது. கோடைச் சூரியன் தெற்கில் இருக்கும் என்று எண்ணி வரைந்த திட்டங்கள் வட இந்தியாவுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தா. நண்பகல் வெயில் முழுவதையும் தளமே வாங்குகிறது. காப்பு எதுவும் இல்லாத ஐந்து, ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு, அதாவது ஒவ்வொரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கும் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற கணக்கு, சுமார் 3.5 வரும். வீடுகளில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரைக்கு இது 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் மனை அளவுக்கு அந்த விதி கட்டாயமில்லை என்றாலும் அளவுகோலாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின்மேல் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள எக்ஸ்.பி.எஸ். காப்புப் பலகை, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் இறுகிய நுரைப் பலகை, பரப்பி, அதன்மேல் சல்லடைக் கம்பியோடு மெல்லிய கான்கிரீட்டும் வெள்ளை ஓடும் போட்டாலே அந்த மதிப்பு 0.9 அளவுக்கு இறங்கிவிடும். 50 மில்லிமீட்டர் போட்டால் 0.5க்குப் பக்கம் வரும். ஆனால் செலவோடு ஒப்பிட்டால் முதல் 25 மில்லிமீட்டர் தரும் பயன்தான் மிகப் பெரியது.

அடுத்தது சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு. நான்கு திசைக்கும் ஒரே இரண்டடி சன்ஷேடு போடுவது நம் ஊர் வழக்கம். நான்கடி உயரச் சன்னலுக்கு, வடக்கில் ஆனி மாத நண்பகல் வெயிலை மறைக்க ஓரடியே போதும். தெற்கில் மார்கழி வெயிலையும் மறைக்க இரண்டரை அடிக்குச் சற்று மேல் வேண்டும். மேற்கிலோ, மாலை நாலேகால் மணி வாக்கில் சூரியன் தரையிலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதே சன்னலை மறைக்க ஏழடி நீட்டம் தேவைப்படும். எவ்வளவு கம்பி போட்டாலும் அதைச் சன்ஷேடாகக் கட்ட முடியாது. மேற்கில் தாழ்வாரமோ, துளைகள் விட்டுக் கட்டும் செங்கல் ஜாலிச் சுவரோ, மரமோதான் வேலை செய்யும். பதினைந்தடி தள்ளி இரண்டு புங்கமரங்களை இன்றே நட்டுவிடுங்கள். வீடு முடியும்போது அவையும் ஓரளவு வளர்ந்திருக்கும்.

கன்னிமூலை பற்றி மூத்தவர்களோடு வாதாட வேண்டாம். தென்மேற்கு அறை பிற்பகல் முழுவதும் வெயில் வாங்கி இரவில் கக்கும் என்பது உண்மை. ஆனால் மாடிப்படியை மேற்கில் வைப்பதையும் அவர்கள் ஏற்பார்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரை ஒட்டி வெளியே படிக்கட்டை அமைத்து, அதன் வெளிப்புறத்தை ஜாலிச் சுவரால் மூடிவிட்டால் வெயில் முதலில் அந்தச் சுவரிலேயே நின்றுவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றும் தடைப்படாது. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காகவும் குறுகிய முகப்பு சாலையை நோக்கியும் அமைவது உங்கள் மனைக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

சன்னலில் ஒரு சிக்கல் உண்டு. விதித்தொகுப்பில் மதுரை ‘வெப்ப ஈரப்பத’ மண்டலத்தில் வருவதால், திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் 16.66 விழுக்காடு இருக்க வேண்டும். 900 சதுர அடிக்கு 150 சதுர அடி. அந்தப் பரப்பு கட்டாயம் தேவை. ஆனால் கத்திரி வெயில் நாள்களில் நம் பகல் காற்று வறண்டு 38, 39 பாகைக்குப் போகிறது. அப்போது சன்னலைத் திறந்து வைத்தால் அனல்தான் உள்ளே வரும். காலை ஒன்பது மணிக்குச் சாத்தி, வெயில் தாழ்ந்தபின் திறந்து, இரவு முழுவதும் திறந்தே வைக்க வேண்டும். இரவில் அச்சமின்றித் திறந்து வைக்க உறுதியான கம்பியும் கொசுவலையும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டும் இல்லாததால்தான் இரவுக் காற்று வீணாகிறது.

பூமிக்கடிக் குழாய் வேண்டாம் என்பது என் கருத்து. ஆழத்து மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். டெல்லி அருகே குருகிராமில், டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில் இந்தக் குழாய் அமைப்பு இருக்கிறது. அங்கே குளிர்காலம் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறது. நமக்குக் குளிர்காலம் இல்லாததால் மண்ணும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. உங்கள் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டும் என்பது வேறு.

மறுமொழி 2: சுண்ணாம்பு வேலை ஒப்பந்தக்காரர், மானாமதுரை

அக்காவுக்கு வணக்கம். பொறியாளர் ஐயா சொன்ன கூரைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காப்புப் பலகையைப் பற்றி மட்டும் வேறுவிதமாகச் சொல்ல விரும்புகிறேன். மாதிரி வீட்டைப் பார்க்க வருபவர் தம் ஊர்க் கொத்தனாரிடம் போய்ச் சொன்னால் அவருக்குப் புரிகிற முறையாக அது இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குயவர்கள் செய்யும் சிறு பானைகளைத் தளத்தின்மேல் நெருக்கமாகக் கவிழ்த்து, இடைவெளியைச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையால் நிரப்பி, மேலே தட்டோடு பதிக்கும் முறை நம் பக்கம் தெரிந்த முறைதான். பானைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். மேல் தட்டோட்டுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஆனால் தூசி படிந்து அந்த வெண்மை மங்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில், மறுபடி அடிக்க வேண்டும். இதையும் பார்க்க வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஜல்லிக் கலவையில் எல்லா இடத்திலும் சிமென்டைப் போட்டு வேலையைச் சீக்கிரம் முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிமென்ட் விறைப்பானது, தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது அதில் கீறல் விழும், கீறல் வழியே ஐப்பசி மழை இறங்கும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பைப் பொறுமையாகத் தட்டித் தட்டி இறுக்கினால் அது வளைந்து கொடுக்கும். தண்ணீர் ஒழுகும் கூரையில் எந்தக் குளுமையும் நிலைக்காது என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மண்கல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலூர்ச் செம்மண் பெரும்பாலும் ஒத்துவரும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஒத்துவராது, ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் வெடிக்கும். ஆனாலும் உங்கள் மனையிலேயே சோதித்துப் பாருங்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் தனித்தனியாகப் படியும். மணலும் சரளையும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால் நல்லது. களி கூடுதலாக இருந்தால் மணல் சேர்க்க வேண்டியிருக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, வெயில் படாமல் மூடி, நான்கு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். சூளையில் சுடாததால் விறகும் நிலக்கரியும் மிச்சம். ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கலைக்கழகம் இந்த இயந்திரத்தையும் பயிற்சியையும் பல ஆண்டுகளாகத் தந்துவருகிறது. உங்கள் குழுப் பெண்கள் சிலர் அங்கே பயிற்சி பெற்று வந்தால் கல் அறுப்பதே அவர்களுக்கு ஒரு தொழிலாகும். கடைக்கால் மட்டத்துக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி வரை கருங்கல்லில் கட்டிவிட்டு அதன்மேல் மண்கல்லைத் தொடங்குங்கள்.

மண்கல் அமையாவிட்டால், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி உள்ளே வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவார்கள். கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் குறைக்கும். ஆனால் அளவு மாறாத சேம்பர் செங்கல் வேண்டும், நாட்டுச் செங்கல்லில் வரிசை நேர் வராது. செய்து பழகிய கொத்தனார் ஒருவராவது உடன் இருப்பது அவசியம்.

மறுமொழி 3: சூரிய மின் அமைப்புப் பணியாளர், ஒத்தக்கடை

தகடு விற்பதே என் தொழில் என்றாலும், 5 கிலோவாட் உங்களுக்குத் தேவையில்லை என்று சொல்வதே நேர்மை. இங்கே 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். நிழல் விழாத 100 சதுர அடி இடம் அதற்கு வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிக்கனமான சிறு வீட்டுக்கு 1 கிலோவாட்டே பெரும்பாலும் போதும்.

அதற்கு முன்பாக மின்விசிறிகளை மாற்றுங்கள். பழைய வகை விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வைத்த புதுவகை விசிறி 30 வாட். நான்கு விசிறிகள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முதல் வகைக்கு 270 யூனிட், இரண்டாவதற்கு 108 யூனிட். மிச்சமாகும் 162 யூனிட்டைத் தகட்டிலிருந்து பெற வேண்டுமானால் கிட்டத்தட்ட 700 வாட் தகடு வாங்க வேண்டும். உங்கள் உறுப்பினர்களுக்கு இந்த ஒரு கணக்கைச் சுவரில் எழுதி வைத்தாலே போதும். விளக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறிவிட்டார்கள்.

பிறகு தகடு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு, அதிகபட்சம் 78,000. அது வீட்டு மின் இணைப்புகளுக்கான மானியம் என்பதால், கூட்டமைப்பின் பெயரில் இணைப்பு எந்த வகையில் வரப்போகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தகடுகளைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகைச் சாய்வில், தளத்திலிருந்து ஏழடி உயரச் சட்டத்தில் ஏற்றிவிட்டால், அடியில் நிழலில் உட்காரலாம். அந்த நிழல் தளத்தின் சூட்டையும் குறைக்கும். ஆடிக் காற்று பலமாக அடிக்கும் வட்டாரம் என்பதால் சட்டத்தின் கால்கள் தளம் போடும்போதே பொறியாளரின் கணக்குப்படி பதிக்கப்பட வேண்டும். பின்னால் துளை போட்டால் நீர் இறங்கும்.

குளிர்சாதனம் வேண்டவே வேண்டாம் என்று மாதிரி வீட்டில் காட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். நம் உறுப்பினர்கள் தவணையில் அதை வாங்கத்தான் செய்கிறார்கள். சிறிய படுக்கையறை ஒன்றைக் கதவு சன்னல் இடுக்கின்றி அடைத்து, ஐந்து நட்சத்திர ஒரு டன் இயந்திரம் வைத்து, 26 பாகையில் விசிறியோடு சேர்த்து ஓட்டினால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று தனி மீட்டரில் காட்டுங்கள். கூரை சரியாக இருக்கும் வீட்டில் அது எத்தனை குறைவாக ஓடுகிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

மறுமொழி 4: இயற்பியல் பேராசிரியை (ஓய்வு), கே.கே. நகர்

எப்படிக் காட்டுவது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். ஏனெனில் பல மாதிரி வீடுகள் இதில்தான் கோட்டை விடுகின்றன: திறப்பு விழா நடக்கும், அளவீடு நடக்காது.

முதலில், எது வசதியான வெப்பநிலை என்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் இந்திய மக்களிடம் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. குளிர்சாதனம் இல்லாமல் சன்னல் திறந்து வாழும் கட்டடங்களுக்கு, கடந்த முப்பது நாள்களின் வெளிச் சராசரி வெப்பநிலையை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டினால் வசதியான வெப்பநிலை கிடைக்கும். சராசரி 31 பாகையாக இருக்கும் கோடையில் இது 29.6 ஆகும். அதற்கு மேல் இரண்டரை பாகைக்குச் சற்றுக் குறைவு வரை, அதாவது 32 வரை, பத்தில் ஒன்பது பேர் தாங்குவார்கள். ஆகவே உங்கள் வீடு சித்திரையில் 25 பாகையாக இருக்கத் தேவையில்லை. 32ஐத் தாண்டாமல் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை முன்வைத்தால் வீணான செலவுகள் பலவும் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானே பதிவுசெய்யும் சிறு கருவிகள் இன்று பெரிய விலையில்லை. ஒவ்வோர் அறையிலும், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சுவரைத் தொடாமல், வெயிலும் விசிறிக் காற்றும் நேரே படாத இடத்தில் ஒன்று. வெளியே நிழலில் ஒன்று. ஓராண்டு முழுவதும் பதிவாக வேண்டும், ஏனெனில் சித்திரையில் வெல்லும் முறை ஐப்பசி ஈரத்தில் தோற்கலாம். நீர் நனைத்த வெட்டிவேர்த் தட்டி அதற்கு நல்ல சான்று: வறண்ட கோடைப் பிற்பகலில் குளுமை தரும், மழைக்காலத்தில் அறையைப் புழுக்கமாக்கும்.

ஒப்பீடு இல்லாமல் எந்த எண்ணும் நம்பிக்கை தராது. மனையில் இடமிருப்பதால், எட்டடிக்கு எட்டடியில் இரண்டு சிறு அறைகளை ஒரே திசையில், ஒன்றன் நிழல் மற்றதில் விழாதபடி கட்டுங்கள். ஒன்றில் ஹாலோ பிளாக் சுவரும் வழக்கமான கான்கிரீட் தளமும். மற்றதில் நீங்கள் பரிந்துரைக்கும் சுவரும் கூரையும். இரண்டிலும் ஒரே அளவுக் கதவு, சன்னல். பின்னாளில் அவை கிடங்காகவோ கடையாகவோ பயன்படும். ஒவ்வோர் அறைக்கும் ஆன செலவைக் கதவிலேயே எழுதி வையுங்கள். பொருள், கூலி என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது.

மேலூர் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை நேற்றைய கூட்டத்தில் உரக்க வாசித்தோம். மேற்கில் ஜாலியோடு படிக்கட்டு என்ற யோசனையை மூத்தவர்களும் உடனே ஏற்றார்கள். 5 கிலோவாட்டுக்குப் பதில் 1 கிலோவாட். மிச்சமாகும் பணம் கூரைக்கும் மண்கல் பயிற்சிக்கும் போகும். புட்டியில் மண்ணைப் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி: பானைக் கூரையா, காப்புப் பலகையா என்பதில் பொறியாளர் ஐயா என்ன சொல்கிறார்? பார்க்க வருபவர்களை எந்த நேரத்தில் அழைப்பது நல்லது?

கட்டடப் பொறியாளர், திருநகர்

பானைக் கூரைக்கு நான் எதிரானவன் அல்லன். அதன் எடை பலகையைவிட மிகக் கூடுதல் என்பதால் தளத்தின் கம்பியையும் தடிமனையும் அந்தச் சுமைக்கேற்பக் கணக்கிட வேண்டும். ஏற்கெனவே கட்டிய பழைய தளத்தின்மேல் யாரும் சோதிக்காமல் அதை ஏற்றிவிடக் கூடாது. உங்கள் உறுப்பினர்களில் புது வீடு கட்டுபவர்களும் இருப்பார்கள், பழைய தளத்தின் சூட்டைக் குறைக்க விரும்புபவர்களும் இருப்பார்கள். ஆகவே வீட்டின் கூரையில் பானையையும், பேராசிரியை அம்மா சொன்ன இரண்டாவது சிற்றறையில் காப்புப் பலகையையும் போட்டுவிடுங்கள். இரண்டையும் பார்க்கலாம், விலையையும் ஒப்பிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை பத்து மணிக்கு அழைக்காதீர்கள். அப்போது எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பம் கீழ்ப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரமாகும் என்பதால், சித்திரை, வைகாசியில் மாலை ஏழு மணிக்கு மேல்தான் வேறுபாடு மிகுதியாகத் தெரியும். குழுக் கூட்டங்களை அந்த மாதங்களில் மாலையில் அங்கேயே வைத்து, பாதி நேரம் ஓர் அறையிலும் மீதி நேரம் மற்றதிலும் சிறு சிறு குழுவாக உட்காரச் செய்யுங்கள். உள்கூரையின் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் கைக்கருவி ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.